ஃபுனகோஷி சண்டைக்காரரா, பள்ளி வாத்தியாரா?

ஏப்ரல் 25, இரவு. ஒரு வாசகர் கேட்டது:

"நாளை கிச்சின் ஃபுனகோஷி நினைவு நாள். எல்லா கராத்தே குரூப்பிலும் அதே கறுப்பு வெள்ளைப் படம் சுற்றும். எனக்கு ஒரு சந்தேகம். அவர் யாரை ஜெயித்தார்? ஒரு போட்டியிலாவது இறங்கியிருக்கிறாரா? பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவரை நவீன கராத்தேயின் தந்தை என்பது எப்படிச் சரியாகும்? உண்மையில் சண்டை போட்டவர் சோகி மோதோபு. பெயர் மட்டும் இவருக்கு."

ஏப்ரல் 26, காலை

வாத்தியார் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கோ அதுதான் அவருடைய வாழ்க்கையின் மையம். அவரைவிடப் பலசாலிகள் அவர் பிறந்த ஒகினாவாவில் (ஜப்பானின் தென்கோடித் தீவு) நிறையவே இருந்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அன்கோ அசாதோவும் அன்கோ இதோசுவும் அவரைவிடப் பெரிய கைகள். இவர் செய்தது வேறு வேலை. ராத்திரியில், வீட்டுக் கொல்லையில், நம்பகமான ஒரு பையனுக்கு மட்டும் சொல்லித்தந்த வித்தையை, பட்டப்பகலில் ஐம்பது பேர் வரிசையாக நின்று கற்கும்படி ஆக்கினார். அதற்கு நல்ல சண்டைக்காரர் போதாது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவர்தான் வேண்டும்.

மோதோபுவைப் பற்றி மாலையில் எழுதுகிறேன், அது பெரிய கதை.

ஏப்ரல் 26, மதியம்

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் அவருடைய ஆரம்ப நாட்களைச் சொல்லிவிடுகிறேன்.

1868 நவம்பர் 10, ஒகினாவாவின் ஷுரியில் பிறந்தார். குறைமாதக் குழந்தை, நோஞ்சான். அதிக நாள் தாங்காது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். வைத்தியர் மூலிகை கொடுத்துப் பார்த்தார். பள்ளியில் கூடப் படித்த பையனின் அப்பாதான் அசாதோ. அவரிடம் கராத்தே பழக ஆரம்பித்த பிறகுதான் உடம்பு தேறியது.

டோக்கியோ மருத்துவப் பள்ளியில் சேர ஆசை. 1870லும் அதற்குப் பின்பும் பிறந்தவர்கள்தான் தேர்வு எழுதலாம் என்று விதி இருந்ததால் பதிவேட்டில் பிறந்த வருடத்தை மாற்றினார். இன்றும் சில இடங்களில் அவர் பிறந்தது 1870 என்று போடுவது அதனால்தான். தேர்விலும் தேறிவிட்டார். ஆனால் சேர முடியவில்லை. காரணம் குடுமி. குடுமி வைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை, அவர் குடும்பத்திலோ குடுமியை எடுப்பது குலத்துக்கே அவமானம். நம் தாத்தாக்கள் காலத்தில் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்த பையன்களுக்கு வீட்டில் நடந்ததைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புரியும். 1888இல் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தபோது குடுமியை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்பா கொதித்துப்போனார். அம்மா அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பின்கட்டு வழியாக வெளியே போய்விட்டாராம். டாக்டராக வேண்டியவர் வாத்தியாரானது இப்படித்தான்.

ஏப்ரல் 26, மாலை

இப்போது மோதோபு.

மோதோபு நிஜமான சண்டைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில் கியோத்தோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரரை மேடையேறி வீழ்த்தினார். 1925இல் 'கிங்கு' என்ற பிரபல இதழ் அந்தச் செய்தியைப் படங்களுடன் போட்டது. ஆனால் ஓவியத்தில் வரைந்திருந்தது ஃபுனகோஷியின் சாயலை. மோதோபுவுக்கு வந்த கோபம் நியாயமானது. இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

ஆக, "பெயர் இவருக்கு" என்ற வாசகரின் வரிக்கு ஆதாரமே இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஓவியர் மனதில் கராத்தே என்றதும் ஏன் ஃபுனகோஷியின் முகம் வந்தது? மூன்று வருடமாக டோக்கியோவில் அந்த முகம்தான் சலிக்காமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் நூலும் 1922இல் அவர் எழுதியதுதான்.

ஏப்ரல் 26, இரவு

"ராத்திரியில் ஏன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவருடைய இளமைக்காலத்தில் ஒகினாவாவில் வெளிப்படையாகப் பழகும் வழக்கம் இல்லை. பகலில் பள்ளி வேலை. இருட்டியதும் மங்கலான விளக்கைப் பிடித்துக்கொண்டு அசாதோ வீட்டுக்கு நடப்பார். கொல்லையில் இவர் கட்டா (தடுப்பு, தாக்குதல் அசைவுகளை வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்யும் பயிற்சி) செய்ய, அசாதோ தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னொரு தடவை" என்பார். மறுபடியும் "இன்னொரு தடவை". எப்போதாவது "சரி". அந்த ஒரு "சரி" வரும்வரை அடுத்த கட்டா கிடையாது. மூன்று டெக்கி கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருடம் ஆனது.

விடிகிற நேரத்தில் அவர் வீடு திரும்புவதைப் பார்த்த அக்கம்பக்கத்தினர், இந்த வாத்தியார் தினமும் தாசி வீட்டுக்குப் போய்வருகிறார் என்று பேசிக்கொண்டார்களாம். அவரே பின்னால் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் பெரியவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

டெக்கி தெரியாதவர்களுக்கு: குதிரைமேல் உட்கார்ந்ததுபோலக் கால்களை அகட்டி, ஒரே நேர்கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகரும் கட்டா. முன்னால் போவதில்லை, பின்னால் வருவதில்லை. ஒரு காலை மற்றொன்றின் முன்னால் குறுக்கே வைத்து அடுத்த அடி எடுக்கும்போது இடுப்பு மேலே எழும்பக் கூடாது. எல்லோருக்கும் எழும்பும். என் மாஸ்டர் மொட்டை மாடியில் என் தலைக்கு மேல் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டே கூட வருவார், எழும்பினால் உச்சந்தலையில் இடிக்கும். பத்து வருடம் இதை மட்டும் ஒருவர் செய்தார் என்றால் அவர் தொடை எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 27

நேற்றுக் காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயை முதலில் கொண்டுபோனது இதோசு. 1901 வாக்கில் ஷுரியின் தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்தார். சின்னப் பையன்களுக்காக ஐந்து பினான் கட்டாக்களைத் தொகுத்ததும் அவர்தான். ஃபுனகோஷி அந்த வேலையைக் கடல் தாண்டி எடுத்துப்போனவர்.

அதில் அவர் செய்த ஒரு மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. இதோசு வரிசையில் முதலாவது கட்டா கஷ்டமானது, இரண்டாவது எளிது. ஃபுனகோஷி இரண்டையும் இடம் மாற்றினார். பினானுக்கு ஷோட்டோகானில், அதாவது ஃபுனகோஷி வழி வந்த கராத்தே பள்ளியில், ஹெய்யான் என்று பெயர். இன்று அங்கே ஒயிட் பெல்ட் பிள்ளை முதலில் கற்கும் ஹெய்யான் ஷோடான், பழைய வரிசையில் இரண்டாவது. இடப்பக்கம் திரும்பு, கீழ்த் தடுப்பு, ஒரு அடி முன்னே, குத்து. அவ்வளவுதான், அதையே திசை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரு மாதத்தில் வந்துவிடும். கடினமானதை முதலில் கொடுத்து ஆளை வடிகட்டுவது பழைய குருகுல முறை. எளிதை முதலில் வைப்பது வாத்தியார் புத்தி.

ஏப்ரல் 27, சற்று நேரம் கழித்து

கேள்வி கேட்ட வாசகர் மறுபடியும் வந்திருக்கிறார்: "அதெல்லாம் சரி, ஆபத்து என்று வந்தால் அவருக்குச் சண்டை தெரியுமா?"

இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன, இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஒன்று, இளம் வயதில். வீட்டுப் பூஜை மாடத்தில் முன்னோருக்குப் படைக்க இனிப்புப் பலகாரம் வாங்கிக்கொண்டு இருட்டில் வருகிறார். இரண்டு பேர் வழிமறித்தார்கள். பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். குருமார்களிடம் சொன்னபோது பாராட்டினார்கள். பலகாரம் போய்விட்டதே, மாடத்தில் என்ன படைத்தாய் என்று அசாதோ கேட்டார். மனமார வேண்டிக்கொண்டேன் என்றார் இவர்.

இரண்டாவது, போருக்குப் பின், ஏறக்குறைய எண்பது வயதில். டோக்கியோவில் ராத்திரி தனியாக நடந்து வருகிறார். ஒருவன் வம்புக்கு வந்து அவர் குடையைப் பிடுங்கி ஓங்கினான். இவர் குனிந்து அடிக்குத் தப்பி, அவன் விதைப்பையைப் பிடித்துவிட்டார். அவனால் அசையவே முடியவில்லை. ரோந்து போலீஸ் வந்ததும் ஒப்படைத்தார். கதை இதோடு முடிந்திருந்தால் எல்லா குரூப்பிலும் ஓடியிருக்கும். ஆனால் அவர் எழுதுவது, தனக்கு வெட்கமாக இருந்தது என்று. முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அந்த நிமிடத்தில் எதிராளியைத் தாக்கிவிட்டேனே என்று. எண்பது வயதில், ராத்திரியில், தன்னைத் தாக்க வந்தவனைப் பிடித்ததற்காக வெட்கப்பட்டார்! அவருடைய இருபது போதனைகளைச் சுவரில் மாட்டியிருக்கும் நம் வகுப்புகளில் எத்தனை பேர் முதல் அடி கூடாது என்ற அந்த இரண்டாவது போதனையை இந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு.

ஏப்ரல் 28

1921 மார்ச்: பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோ ஐரோப்பா போகும் வழியில் ஒகினாவாவில் இறங்கியபோது ஷுரி கோட்டையில் கராத்தே செய்து காட்டும் பொறுப்பு ஃபுனகோஷிக்கு. 1922 மே: கல்வி அமைச்சகம் டோக்கியோவில் நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு அவரையே அனுப்பினார்கள். வயது 53. முடித்துவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ கூப்பிட்டு, தன் ஜூடோ பள்ளியான கோதோகானில் செய்து காட்டச் சொன்னார். கூட வந்து செய்தவர் மகோதோ கிமா என்ற ஒகினாவா மாணவர். கராத்தேக்கென்று தனி உடை அப்போது கிடையாது. ஃபுனகோஷி கடையில் வெள்ளைத் துணி வாங்கி, ஜூடோ உடை மாதிரி தானே தைத்துக்கொண்டு போனார். இன்று நம் பிள்ளைகள் போடும் வெள்ளை யூனிஃபார்மின் ஆரம்பம் ஏறக்குறைய அதுதான். பெல்ட், டான் (பிளாக் பெல்ட் நிலைகள்) முறையும் கானோவிடமிருந்து எடுத்ததே. 1924 ஏப்ரலில் முதல் டான் சான்றிதழ்களைக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கியது.

ஊர் திரும்ப இருந்தவர் ஏன் தங்கினார்? ஹோவான் கொசுகி என்ற ஓவியர், எங்கள் ஓவியர் குழுவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தங்கிவிட்டார். ஷோட்டோகானின் புலிச் சின்னத்தை வரைந்ததும் இந்தக் கொசுகிதான்.

ஏப்ரல் 28, இரவு

மேலே எழுதியதில் எல்லாம் சுமுகமாகப் போனதுபோல ஒரு தோற்றம் வருகிறது. போகவில்லை. அவர் தங்கியது மெய்செய் ஜுகு என்ற ஒகினாவா மாணவர் விடுதியில், வாசலை ஒட்டிய ஒரு சின்ன அறை. வாடகைக்குப் பதிலாகக் காவலாளி வேலை, தோட்டம் பெருக்குவது, அறைகளைச் சுத்தம் செய்வது. மாணவர்கள் இல்லாத நேரத்தில் விரிவுரைக்கூடத்தில் கராத்தே வகுப்பு. விடுதிச் சமையல்காரருக்கும் சொல்லிக்கொடுத்து, அதற்காகச் சாப்பாட்டுக் காசில் சலுகை வாங்கிக்கொண்டார். அதுவும் போதாமல் தொப்பியையும் கிமோனோவையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். பழந்துணிக்கு அடகுக்கடைக்காரர் எதிர்பார்த்ததைவிட அதிகம் கொடுத்தார். விசாரித்தால், கடைச் சிப்பந்தியின் தம்பி இவரிடம் கராத்தே பழகுகிறவன்.

ஒரு நாள் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது பத்திரிகை நிருபர் வந்தார். "ஃபுனகோஷி சார் இருக்கிறாரா?" என்று கேட்டார். "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, நல்ல கிமோனோவுக்கு மாறி, வாசலுக்கு வந்து, "வணக்கம், நான்தான் ஃபுனகோஷி" என்றார். துடைப்பக்காரரும் அவரும் ஒரே ஆள் என்று தெரிந்தபோது நிருபரின் முகம் போன போக்கைத் தன்னால் மறக்க முடியாது என்று எழுதுகிறார்.

எனக்கு அந்தத் துடைப்பத்தில் பெரிய மரியாதை உண்டு. டோஜோவை (பயிற்சிக்கூடத்தை) கூட்டிப் பெருக்கிய பிறகுதான் வகுப்பு என்று என் மாஸ்டர் வைத்திருந்தார், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். "பீஸ் கட்டுகிறோம், என் மகன் ஏன் பெருக்க வேண்டும்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு இந்த நிருபர் கதையைத்தான் சொல்வேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 29

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "கராத்தேயைக் கண்டுபிடித்ததே காஞ்சிபுரத்துப் போதிதர்மர். அதை ஏன் சொல்லவில்லை?"

ஃபுனகோஷியே தன் 'கராத்தே-தோ க்யோஹான்' நூலில் போதிதர்மர் கதையைச் சொல்கிறார். இந்தியாவிலிருந்து சீனா போய் ஷாவொலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்றுத்தந்தார் என்ற மரபு அவருக்கும் வந்திருந்தது. ஆனால் அந்த மரபு எழுத்தில் வலுப்பெறுவது 17ஆம் நூற்றாண்டில், 'யிஜின் ஜிங்' என்ற நூல் வழியாக. போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கு ஆயிரம் வருடம் கழித்து. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகத்தவர் என்கிறது. சண்டைப் பயிற்சி பற்றி அவற்றில் பேச்சே இல்லை. ஒகினாவாவுக்குச் சீனத்தின் ஃபூஜியான் பகுதியோடு இருந்த தொடர்பும் உள்ளூர்க் கைவழக்கமும் சேர்ந்துதான் கராத்தே உருவானது.

நமக்குத் தொடர்பு வேண்டுமென்றால் நிஜமான ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ (ஒகினாவாவின் பழைய அரசு) கப்பல்கள் மலாக்காவுக்கு வியாபாரத்துக்கு வந்தன. அதே துறைமுகத்தில் நம் வணிகர்களும் இருந்தார்கள். ஒகினாவாக்காரரும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் நடந்திருக்கிறார்கள். கராத்தேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது.

ஏப்ரல் 30

ஃபுனகோஷியின் வீட்டம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

சொற்பச் சம்பளத்தில் ஏறக்குறைய பத்துப் பேர் குடும்பம். அந்த அம்மா தோட்டத்தில் பயிரிட்டார், ராத்திரியில் நெசவு செய்தார். கணவர் பழகுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் கராத்தே கற்றார். தெருவில் தகராறு என்றால் விலக்கிவிடக் கூப்பிடும் அளவுக்கு அந்த அம்மாவுக்கு மரியாதை இருந்தது.

ஃபுனகோஷி டோக்கியோவில் கால் ஊன்றியதும் வரச் சொன்னார். முன்னோர்களுக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வர முடியாது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். கராத்தேயின் பிரபலமான ஆண்டுகள் முழுக்க இருவரும் பிரிந்திருந்த ஆண்டுகள். ஒகினாவாவில் போர் மூண்டபோதுதான் அந்த அம்மா க்யூஷுவில் உள்ள ஓய்தாவுக்கு இடம்பெயர்ந்தார். 1945இல் குண்டுவீச்சில் ஷோட்டோகான் டோஜோ எரிந்தது, அதே ஆண்டு மகன் கிகோ காசநோயில் இறந்தார். கிழவர் ஓய்தா போய் மனைவியோடு சேர்ந்தார். கடற்பாசியும் காய்கறியும் சேகரித்துச் சாப்பிட்ட காலம். 1947இல் மனைவியும் போய்விட்டார். அஸ்தியோடு அவர் டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியில் நிலையத்துக்கு நிலையம் பழைய மாணவர்கள் துக்கம் விசாரிக்கக் காத்திருந்தார்கள்.

"அவர் யாரை ஜெயித்தார்" என்ற கேள்விக்கு எனக்கு அந்த ரயில் பயணம்தான் ஞாபகம் வருகிறது.

மே 2

முட்டிவலிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார், தாழ்ந்த ஸ்டான்ஸ்தான் (நிற்கும் நிலை) அசல் ஷோட்டோகான் என்று தன் மாஸ்டர் வற்புறுத்துவதாக. 1920களில் எடுத்த ஃபுனகோஷி படங்களைத் தேடிப் பாருங்கள். கால்கள் அதிகம் அகலவில்லை, உடம்பு நிமிர்ந்து நிற்கிறது. நீண்டு தாழ்ந்த நிலைகளும் உயரமான உதைகளும் பெரும்பாலும் மகன் கிகோ காலத்தில் சேர்ந்தவை. இளம் வயதில் ஓரிடத்தில் என்னை வலிக்க வலிக்க அழுத்தி உட்காரவைத்தார்கள், வலது முட்டி இன்றும் மழைக்காலத்தில் சொல்லும். நாற்பது வயதுக்கு மேல் சேருகிறவர்களுக்கு நான் கிழவர் நின்ற அந்த உயரமான நிலையையே சொல்லித்தருகிறேன். நன்றாக வருகிறது.

மே 3

போட்டி பற்றி. அவருக்குப் போட்டிச் சண்டையில் விருப்பமே இருந்ததில்லை. கட்டாதான் உயிர். 1957 ஏப்ரல் 26இல், 88 வயதில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்திவிட்டது. அதற்கு முன்னாலேயே, இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதில் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் ஷோட்டோகாய் என்ற மாணவர் அமைப்பு, மறுபக்கம் ஜப்பான் கராத்தே சங்கம். பல்கலைக்கழகச் சங்கங்கள் சில வரவே இல்லை. நம் மாவட்டங்களில் ஒரே மாஸ்டரின் மாணவர்கள் மூன்று சங்கமாகப் பிரிந்து, ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்காமல், நடுவில் பிள்ளைகள் மறுபடியும் கிரேடிங் (பெல்ட் தேர்வு) பணம் கட்டுவதைப் பார்க்கும்போது அந்தச் சாவு வீடுதான் என் மனதில் வருகிறது. இதைச் சரிசெய்ய நம்மால் முடியும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு நாள் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது. ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ரியோ கியுனா ஒகினாவாக்காரர். ஒகினாவாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். அவர் ஷோட்டோகான் இல்லை, வேறு பள்ளி. பாரிசில் கராத்தேயை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் என் வகுப்பில் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கட்டாவில் ஆசை வந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மே 5

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார்: "சரி, வாத்தியார் என்றே வைத்துக்கொள்கிறேன். என் மகளுக்கு ஏழு வயது. சேர்க்கலாமா? எந்த வகுப்பில்?"

தாராளமாகச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். சுவரில் உள்ள கோப்பைகளை எண்ணாதீர்கள். தப்பாகச் செய்யும் பிள்ளையிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பிளாக் பெல்ட் எத்தனை மாதத்தில் என்று அவரே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் வருடம் ஹெய்யான் ஷோடான், நிடான் போதும். டெக்கியைக் குழந்தையின் கால் பலப்படும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். யூனிஃபார்ம் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், முதல் துவையலிலேயே சுருங்கிவிடும்.